பந்தயச் சாலையும் பாவனைச் சாலையும்

கார்ப்பந்தய விளையாட்டுகளைப் பற்றிப் பேசுவோர் தவறாமல் எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு: இது எந்த அளவுக்கு நிஜம்? யதார்த்தவாதம் குறித்து இலக்கியத்தில் நாம் பல பத்தாண்டுகளாக நடத்திவரும் விவாதத்தின் சாயல் இக்கேள்வியிலும் தென்படுகிறது. உலகியல் வழக்கு, நாடக வழக்கு என இரண்டைச் சொன்ன தொல்காப்பியர், அவ்விரண்டும் இயைந்ததையே புலனெறி வழக்கம் என்றார். பந்தய விளையாட்டுகளின் ஐம்பதாண்டு வரலாற்றையும் இவ்விரண்டின் கலப்பு விகிதம் மாறிவந்த கதையாக வாசிக்க இயலும்.

இக்கதையின் வேர் விமானத்தில் இருக்கிறது. ஆர்கன் என்னும் இசைக்கருவி செய்யும் அமெரிக்கக் குடும்பம் ஒன்றில் வளர்ந்த எட்வின் லிங்க், 1929-இல் தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் கருவி ஒன்றைச் செய்தார். ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளே அந்தக் குட்டி விமானத்தைச் சாய்க்கவும் நிமிர்த்தவும் பயன்பட்டன. முதலில் கேளிக்கைப் பூங்காக்களே அதை விரும்பின. 1934-இல் தபால் சுமக்கும் பொறுப்பை ஏற்ற அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு, பனியிலும் இருளிலும் பல விமானிகளைப் பலிகொடுத்த பிறகே அதை வாங்கியது. விமானி அதில் தவறு செய்யலாம், சாக மாட்டார். சிமுலேட்டரின் பிறவிப் பயனே இதுதான்.

காருக்கு வருவோம். 1974-இல் அடாரி நிறுவனம் வெளியிட்ட 'கிரான் ட்ராக் 10' விளையாட்டில் ஸ்டியரிங், கியர், மிதிகள் எல்லாம் இருந்தன. திரையிலோ மேலிருந்து பார்க்கும் புள்ளிக் கோடுகள்தாம். 1976-இல் வந்த 'நைட் டிரைவர்' இருட்டில் வரிசையாக நகரும் வெள்ளைக் கட்டங்களை மட்டுமே காட்டியது. சாலையோரக் கம்பங்களை நம் கற்பனை நட்டுக்கொண்டது. 1982-இல் நாம்கோவின் 'போல் பொஸிஷன்' ஜப்பானின் ஃபூஜி பந்தயத் தடத்தைத் திரைக்குக் கொண்டுவந்தது. அதில் விளம்பரப் பலகையில் மோதினால் கார் வெடித்துச் சிதறும். அடுத்த நொடியே புத்தம் புதிதாக வந்து நிற்கும். கண்ணுக்கு உலகியல், கதிக்கு நாடகம்.

திருப்பம் வேறொரு திசையிலிருந்து வந்தது. விமானங்களின் நிலைப்பாட்டை ஆராய்ந்த பொறியாளர் பில் மில்லிகன், பந்தய ஓட்டுநரும் ஆவார். 1948-இல் வாட்கின்ஸ் கிளென் பந்தயத்தில் அவருடைய புகாட்டி கார் ஒரு வளைவில் கவிழ்ந்தது. அந்த வளைவு இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. விமானத்துக்கு வகுத்த கணிதத்தைக் காருக்கும் பொருத்திய முன்னோடிகளில் அவர் ஒருவர். அவருடைய மகன் டக் மில்லிகன், 1989-இல் அடாரி வெளியிட்ட 'ஹார்ட் டிரைவிங்' விளையாட்டுக்கு ஆலோசகரானார். காசு போட்டு ஆடும் அந்த இயந்திரத்தில் சாவியைத் திருகினால்தான் இஞ்சின் உயிர்பெறும், கிளட்ச் உண்டு, டயர் பிடி நழுவுவதை ஸ்டியரிங் வழியாகக் கை உணரும். தந்தை கவிழ்ந்த வளைவிலிருந்து மகனின் சமன்பாடுகள் வரை நாற்பதாண்டுத் தொலைவு. யதார்த்தம் படத்தை விட்டு இறங்கி, காரின் இயக்கத்துக்குள் நுழைந்த தருணம் இது.

இயக்கத்தின் மையம் டயர். உள்ளங்கை அகலத்தில் தரையைத் தொடும் நான்கு ரப்பர்த் துண்டுகள்தாம் காரைச் சாலையோடு பிணைக்கின்றன. அந்தப் பிடி ஓர் எல்லை வரை ஏறி, பிறகு சரியும். நெதர்லாந்தைச் சேர்ந்த ஹன்ஸ் பசேய்க்கா, 1980களில் தம் சகாக்களுடன் இந்த ஏற்ற இறக்கத்தை ஒரு சூத்திரத்தில் அடக்கினார். அதன் பெயரே 'மந்திரச் சூத்திரம்'. ரப்பர் ஏன் பற்றுகிறது என்று அது விளக்குவதில்லை. சோதனையில் அளந்த வளைகோட்டை அப்படியே வரைந்து தருகிறது. காரணம் அறியாமலே விளைவைத் துல்லியமாகச் சொல்லும் யதார்த்தவாதம் அது எனலாம்.

1998-இல் டேவிட் கேமரின் பப்பைரஸ் நிறுவனம் 'கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ்' விளையாட்டை வெளியிட்டது. எடுத்துக்கொண்ட களம் 1967-ஆம் ஆண்டின் ஃபார்முலா ஒன். காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகள் அக்கார்களுக்கு இன்னும் முளைக்கவில்லை. வலிமை மிகுதி, பிடி குறைவு. வாங்கியவர்களில் பெரும்பாலோர் முதல் வளைவிலேயே சுழன்று நின்றார்கள். வணிகத்தில் தோற்ற அவ்விளையாட்டை ரசிகர்கள் இன்றும் போற்றுகிறார்கள். அதே 1967-இல்தான் மொனாக்கோவில் லொரென்ஸோ பந்தினியின் கார் கவிழ்ந்து தீப்பற்றியது. மூன்று நாட்களுக்குப் பின் அவர் இறந்தார். விளையாட்டில் கவிழ்ந்த காரையோ ஒரு விசையை அழுத்தி மீட்டுவிடலாம்.

கைக்கும் கண்ணுக்கும் கிட்டிய நிஜம் உடலுக்குக் கிட்டுவது கடினம். 1985-இல் டைம்லர்-பென்ஸ் நிறுவனம் மேற்கு பெர்லினில் அமைத்த சிமுலேட்டர், நீண்டு சுருங்கும் ஆறு கால்களின் மேல் நின்றது. பிரேக்கை மிதித்தால் இத்தகைய மேடை சற்றே பின்னே அசைந்து, பிறகு நாம் உணராத வேகத்தில் மெல்ல மூக்கைத் தாழ்த்தும். கண்ணெதிரே சாலை சமமாகத் தெரிவதால், உடல் முன்னே சாய்வதை வேகம் குறைவதாக மனம் ஏற்கிறது. ஆனால் 30 பாகை சாய்த்தாலும் கிடைப்பது புவியீர்ப்பில் பாதி விசையே. ஃபார்முலா ஒன் ஓட்டுநர் பிரேக் மிதிக்கையில் தாங்குவது அதில் ஏறத்தாழ பத்து மடங்கு. ஆயினும், பருவத்தின் நடுவே தடத்தில் சோதனை ஓட்டம் செய்வது 2009-இல் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டதிலிருந்து, பந்தய அணிகளுக்கு இந்தப் பாதி விசையே பெருந்துணையாயிற்று.

எனில் பாவனை நிஜத்தைக் கற்பிக்குமா? கற்பிக்கும் என்றே வரலாறு சொல்கிறது. கஸுனோரி யமௌச்சி உருவாக்கி 1997-இல் வெளிவந்த 'கிரான் டூரிஸ்மோ' விளையாட்டை ஆடுவோரிலிருந்து ஓட்டுநர்களைத் தேர்ந்தெடுக்கும் போட்டியை 2008-இல் சோனியும் நிஸானும் தொடங்கின. முதலில் தேர்வான ஸ்பெயின் நாட்டு லூக்காஸ் ஓர்தோனியேஸ், 2011-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் பிரிவில் இரண்டாம் இடத்துக்கு வந்த அணியில் இருந்தார். 2011-இல் தேர்வான பிரிட்டானியர் ஜான் மார்டன்பரோ, 2013-இல் அதே பந்தயத்தில் தம் பிரிவில் மூன்றாம் இடம் பெற்ற அணியில் ஓட்டினார். வளைவுகளின் வரிசை, பிரேக் மிதிக்க வேண்டிய இடம், பிடி நழுவும் கணத்தில் கை செய்ய வேண்டியது ஆகியவற்றைத் திரையிலேயே கற்றுவிடலாம் என்பதற்கு இவர்களே சான்று.

2015 மார்ச்சில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில், ஃபுளூக்பிளாட்ஸ் என்னும் மேட்டில் மார்டன்பரோவின் கார் காற்றில் எழும்பி வேலியைத் தாண்டியது. பார்வையாளர் ஒருவர் இறந்தார். 'கிரான் டூரிஸ்மோ' வரிசையில் 2004 முதலே இடம்பெற்றிருந்த தடம் அது. அங்கும் வேலிக்குப் பின்னால் பார்வையாளர்கள் உண்டு. எல்லோரும் வரைந்த உருவங்கள்.

சிமுலேட்டரின் குறையாக ஓட்டுநரின் மரண அச்சத்தையே வழக்கமாகச் சொல்வார்கள். அது குறையன்று, லிங்க் காலத்திலிருந்தே அதை நீக்குவதுதான் நோக்கம். உண்மையில் விடுபட்டுப்போனவர் வேலிக்குப் பின்னால் நிற்கும் மனிதர். சாலையும் டயரும் ஓட்டுநரும் கணக்கில் வந்துவிட்டார்கள். பிறருக்கு நேர்வது வரவில்லை. மார்டன்பரோவின் கதையை 2023-இல் திரைப்படமாக எடுத்தவர்களும் அந்த விபத்தை லெ மான் வெற்றிக்கு முன்னால் நகர்த்தி, நாயகன் மீண்டெழும் படியாக்கிக்கொண்டார்கள். நடந்தது இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னால். ஒருவர் உயிரிழந்த நாளைக் கதையின் வசதிக்கு இடம் மாற்றிய அந்த நாடக வழக்கைப் பார்க்கையில், 'போல் பொஸிஷன்' விளையாட்டில் வெடித்த கார் அடுத்த நொடியே வந்து நிற்பது எவ்வளவோ நேர்மையானது என்று தோன்றுகிறது.

ஃபுளூக்பிளாட்ஸ் மேட்டின் சாலையை 2016 பருவத்துக்கு முன் சீரமைத்துச் சமன்படுத்தினார்கள். பழைய தளத்தை மாதிரியாகக் கொண்ட விளையாட்டுகளில் அந்தப் பழைய மேடு இன்னும் இருக்கிறது.