பழைய ரயருக்கு விலை வைத்தவர்கள்

1942ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15ஆம் திகதி தொடக்கம் ஐக்கிய அமெரிக்காவின் பெற்றோல் நிலையங்களில் வினோதமானதொரு வியாபாரம் நடைபெற்றது. தேய்ந்த ரயர், கிழிந்த மழையங்கி, பூந்தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாய் என்று இறப்பராலான எதையும் மக்கள் சுமந்து வந்தனர். இறாத்தலுக்கு ஒரு சதம் வீதம் அரசாங்கம் அவற்றை வாங்கியது. மூன்று நாட்களுக்கு முன்னர் ஜனாதிபதி ரூஸ்வெல்ற் வானொலியில் விடுத்த வேண்டுகோளின் பயன் அது. ஒரு மாதம் நிறைவதற்குள் ஏறக்குறைய 4,50,000 தொன் சேர்ந்துவிட்டது.

நேற்றுவரை குப்பைமேட்டிற் கிடந்த பண்டத்துக்கு ஓர் அரசு ஏன் விலை வைத்தது? விடை நமது அயலிலேயே இருக்கிறது. அவ்வாண்டு பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தது. அமெரிக்காவுக்குச் சென்ற இயற்கை இறப்பரில் பத்தில் ஒன்பது பங்கு அத்துடன் அடைபட்டது. நேசநாடுகளுக்கு எஞ்சியிருந்த ஊற்றுகளிற் பெரியது இலங்கை. ஆதலின் இங்கே மரத்தின் ஆயுளைப் பாராது பட்டையெங்கும் வெட்டிப் பாலை உறிஞ்சும் முறை புகுந்தது. அந்த முறைக்குத் துரைமார் தம் மொழியிற் கசாப்புக்கடைக்குரிய சொல்லையே பெயராக இட்டிருந்தனர். அந்த நேர்மையையேனும் நாம் பாராட்ட வேண்டும்!

கந்தகத்தோடு ஒருமுறை வெந்த இறப்பர் மெழுகைப்போல மீண்டும் உருகாது. 1899இல் ஆதர் மாக்ஸ் என்பவர் காரநீரில் வேகவைத்து அதனை இளக்கும் முறையைக் கண்டார். இதன் பின் பெருந்தொழிலொன்று பிறந்தது. எனினும் இத்தொழிலின் நாடி என்றும் புது இறப்பரின் விலையோடு சேர்ந்தே துடித்தது என்பதை மாணவர்கள் கவனித்தல் நன்று. புது இறப்பர் மலிந்தால் பழையதைத் தேடுவாரில்லை.

1922இல் பிரித்தானிய ஏகாதிபத்தியம் ஸ்ரீவன்சன் திட்டத்தைக் கொணர்ந்து, மலாயாவிலும் இலங்கையிலும் இருந்து ஏற்றுமதியாகும் இறப்பரைக் கட்டுப்படுத்தியது. தோட்ட முதலாளிகளின் இலாபத்தைக் காப்பதே அதன் நோக்கம். 1925இல் இறப்பரின் விலை இறாத்தலுக்கு ஒரு டொலரையும் கடந்தது. அப்போது அமெரிக்க வர்த்தக அமைச்சராயிருந்த ஹேபேட் ஹூவர் இறப்பரைச் சிக்கனமாகப் பாவியுங்கள், பழையதை மீட்டெடுங்கள் என்று நாடெங்கும் பிரசாரம் செய்தார். 1928 அளவில் அந்நாடு பாவித்த மீட்பு இறப்பர், புது இறப்பரின் அளவில் ஏறக்குறைய அரைப்பங்காயிற்று. லண்டன் முதலாளிக்காக இட்ட சட்டம், அமெரிக்கப் பழைய ரயர் வியாபாரிக்குச் சந்தை திறந்துவிட்டது. கட்டுப்பாட்டில் ஒல்லாந்தர் சேராதிருந்ததால் அவர்களின் கிழக்கிந்தியத் தோட்டங்கள் பெருகின. 1928 நவம்பரிலே திட்டம் கைவிடப்பட்டது. 1932இல் இறப்பரின் விலை இறாத்தலுக்கு 3 சதத்துக்கும் கீழே போயிற்று. மலாயாவில் பால்வெட்டிய ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் தென்னிந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர். விலையை ஏற்றியபோது அவர்களை எவரும் கலந்தாலோசிக்கவில்லை. விழுந்தபோது மட்டும் அவர்கள் தலையிலே விழுந்தது.

யுத்தத்தின் பின் செயற்கை இறப்பர் மலிந்தது. உருக்குக் கம்பி பொதிந்த ரயர்கள் வந்தபின் பழையதை அரைத்தெடுப்பதும் கடினமாயிற்று. எங்கள் கிராமங்களிற் பழைய ரயரை வெட்டிச் செருப்புத் தைத்தவருக்கு எந்த மந்திரிசபையின் ஆதரவும் தேவைப்படவில்லை. மோட்டார் வண்டிகள் நிறைந்த நாட்டிலோ கழிந்த ரயர்கள் மலைமலையாய்க் குவிந்தன. 1983இல் வேர்ஜீனியா மாநிலத்து வின்செஸ்ரர் அருகே ஏறக்குறைய 70 இலட்சம் ரயர்கள் தீப்பற்றி, ஒன்பது மாதம் வரை எரிந்தன. 1991இல் அந்நாட்டின் சூழல் பாதுகாப்பு நிறுவனம், குவிந்து கிடப்பவை 200 கோடி முதல் 300 கோடி வரை இருக்கும் என்று கணித்தது.

அவ்வாண்டே அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு பெருந்தெருச் சட்டத்தை நிறைவேற்றியது. சமஷ்டி அரசின் பணத்தில் இடப்படும் தார்த் தெருக்களில் 1994இல் 5 வீதத்தில் பழைய ரயர்த்தூள் கலக்கப்பட வேண்டும்; 1997இல் அது 20 வீதமாக உயர வேண்டும். யுத்தமில்லாத காலத்தில், மக்களின் சுகாதாரத்தை முன்னிட்டு, பழைய ரயருக்கு ஓர் அரசு சந்தை வகுத்த அரிய சந்தர்ப்பம் இது. செலவு மிகும், தெரு நிலைக்குமோ தெரியாது என்று மாநிலங்களும் தார் ஒப்பந்தகாரரும் குரலெழுப்பினர். அரிசோனாவில் 1960கள் தொடக்கம் அத்தகைய தெருக்கள் இடப்பட்டு வந்தமை அவ்விவாதத்தில் எடுபடவில்லை. சட்டத்தை அமுல்படுத்தப் பணம் மறுக்கப்பட்டது. 1995இல் அந்தப் பிரிவே நீக்கப்பட்டது.

1942இல் ஒரு மாதத்துக்குள் நாடு முழுவதையும் துப்புரவாக்கிய அதே அரசாங்கம் தெருவிலே 5 வீதத்தைக்கூட நிலைநாட்ட முடியாமற் போனது. பின்னர் பெரும் பங்கு ரயர்கள் சீமெந்துச் சூளைகளுக்கும் காகித ஆலைகளுக்கும் விறகாகச் சென்றன.