சேலம், நாமக்கல் வெயிலுக்கு எந்த கார் பாலீஷ் தாங்கும்? குறைந்த விலை மெழுகு வகைகள் ஓர் ஒப்பீடு

சேலம்:-

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் கோடை தொடங்கினாலே வெயில் 100 டிகிரியை தாண்டி விடுகிறது. மனுஷனுக்கு மோர், நுங்கு, இளநீர் இருக்கு. காலையில் இருந்து சாயங்காலம் வரை வெட்டவெளியில் நிற்கும் காருக்கு என்ன இருக்கு?

வாடகை கார் ஓட்டுபவர்களுக்கும், பழைய கார் வாங்கி வைத்திருப்பவர்களுக்கும் இது சின்ன விஷயம் இல்லை. பெயிண்ட் மங்கிப்போன காரை விற்கப்போனால் என்ஜின் நன்றாக இருந்தாலும் புரோக்கர் விலையை குறைத்துதான் கேட்பார். பானெட் ஒன்றுக்கு மட்டும் பெயிண்ட் அடிக்க பட்டறைக்கு விட்டாலே சில ஆயிரம் ரூபாய் போய்விடும். அதனால்தான் கடைக்குப் போய் ஒரு டப்பா மெழுகு பாலீஷ் வாங்குகிறோம். ஆனால் எதை வாங்குவது? எது நாள்பட நிற்கும்? எது பளபளக்கும்? அதன் விவரம் வருமாறு:-

மெழுகு வேறு, காம்பவுண்ட் வேறு

முதலில் ஒரு குழப்பத்தை தீர்த்துக்கொள்வோம். நம்ம ஊரில் மெழுகு, பாலீஷ், ரப்பிங் காம்பவுண்ட் மூன்றையும் "பாலீஷ்" என்றே சொல்கிறோம். மூன்றும் ஒன்றல்ல.

ரப்பிங் காம்பவுண்ட் என்பது உப்புத்தாள் மாதிரி. பெயிண்டை மெல்லிசாக சீவி எடுக்கும். பாலீஷ் அதையே இன்னும் மென்மையாக செய்யும். மெழுகு எதையும் சீவாது. பெயிண்டுக்கு மேலே ஒரு மெல்லிய போர்வை மாதிரி உட்காரும். தூசியும், எச்சமும், உப்புத் தண்ணியும் முதலில் அந்தப் போர்வையில்தான் படும். பிறகு மெழுகு தேய்ந்து போகும், பெயிண்ட் தப்பிக்கும்.

இப்போது வரும் கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று கண்ணாடி போன்ற ஒரு பூச்சு இருக்கிறது. இதன் கனம் சுமார் 40 முதல் 50 மைக்ரான்தான். தலைமுடியின் கனத்தை விடவும் குறைவு. காம்பவுண்ட் போட்டு தேய்க்கும் ஒவ்வொரு முறையும் இது கொஞ்சம் கொஞ்சமாக குறையும். ஒரு தடவை போனால் போனதுதான்.

இந்த செய்தியாளருக்கே அந்த அனுபவம் உண்டு. பழைய கருப்பு கார் ஒன்றை வாங்கிய புதிதில், ரோட்டோர வாட்டர் வாஷ் கடையில் குறைந்த காசுக்கு பாலீஷ் போட்டுத் தருவதாக சொன்னார்கள். மெஷினை வைத்து அரை மணி நேரம் தேய்த்தார்கள். அன்றைக்கு முகம் பார்க்கலாம் போல இருந்தது. அடுத்த கோடையில் பானெட் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக உரிந்து வந்தது. அவர்கள் போட்டது மெழுகு இல்லை, காம்பவுண்ட். மிச்சம் பிடித்த காசைப் போல பல மடங்கு பெயிண்டுக்கு போனதுதான் மிச்சம்.

கடையில் என்னென்ன கிடைக்கிறது?

டர்டில் வேக்ஸ், 3எம், பார்முலா 1, வேக்ஸ்பால், மெகுயர்ஸ், சோனாக்ஸ் என்று பல பெயர்களில் டப்பாக்கள் கிடைக்கின்றன. ஒரே கம்பெனியே நாலைந்து வகை போடுவதால் கம்பெனி பெயரை மட்டும் பார்த்து வாங்க முடியாது. உள்ளே இருப்பது எந்த வகை என்று பார்க்க வேண்டும்.

1. கர்னோபா மெழுகு: பிரேசில் நாட்டின் வடகிழக்கு பகுதியில் வளரும் ஒரு வகை பனை மரத்தின் ஓலையில் இருந்து எடுக்கப்படுவது. இயற்கை மெழுகுகளில் மிகவும் கெட்டியானது. உருக 82 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். தேன் மெழுகு 62 முதல் 65 டிகிரியிலேயே உருகிவிடும். ஆனால் டப்பாவில் இருப்பது சுத்த கர்னோபா கிடையாது. எண்ணெய், கரைப்பான், மற்ற மெழுகுகள் கலந்துதான் தேய்க்கும் பதத்துக்கு கொண்டு வருகிறார்கள். அதனால் டப்பா மெழுகு அந்தளவு சூட்டை தாங்காது.

பளபளப்பில் இதுதான் முதலிடம். கருப்பு, சிவப்பு, கருநீல கார்களில் எண்ணெய் தேய்த்த மாதிரி ஆழமான மினுமினுப்பு கிடைக்கும். ஆயுள் குறைவு. நிழலில் நிற்கும் வண்டிக்கு ஒன்றரை முதல் 2 மாதம். நம்ம ஊர் வெயிலில் நிற்கும் வண்டிக்கு ஒரு மாதம் வந்தால் பெரிசு.

2. செயற்கை பாலிமர் சீலன்ட்: பெரும்பாலும் திரவமாக வரும். கர்னோபா அளவுக்கு ஆழமான மினுமினுப்பு இருக்காது. கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். வெள்ளை, சில்வர் கார்களுக்கு இது பொருந்தும். வெயிலில் சீக்கிரம் கரையாது. டப்பாவில் 6 மாதம், 12 மாதம் என்று அச்சடித்திருந்தாலும் வெட்டவெளியில் நிற்கும் வண்டிக்கு 2 முதல் 4 மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

3. ஸ்பிரே மெழுகு: அடித்து துடைத்தால் முடிந்தது. 10 நிமிட வேலை. ஆயுள் 2 முதல் 3 வாரம். ஏற்கனவே போட்ட மெழுகுக்கு மேல் இடையிடையே அடிக்க நல்லது.

4. சிலிக்கா கலந்த ஸ்பிரே: "செராமிக் ஸ்பிரே" என்று விற்கிறார்கள். தண்ணி முத்து முத்தாக உருண்டு ஓடும். 2 முதல் 3 மாதம் தாக்குப்பிடிக்கும். இதையும், கடையில் பல ஆயிரம் வாங்கிக்கொண்டு போடும் செராமிக் கோட்டிங்கையும் ஒன்று என்று நம்பி ஏமாற வேண்டாம்.

5. மெழுகு கலந்த ஷாம்பு: கழுவும்போதே மெழுகு என்பது விளம்பரம். ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் நிற்காது.

ஒரு காலத்தில் ஊர் முழுக்க பேசப்பட்ட "டெப்லான் கோட்டிங்" பற்றியும் சொல்ல வேண்டும். தோசைக்கல்லில் இருக்கும் டெப்லான் சுமார் 327 டிகிரி செல்சியசில்தான் உருகும். அதை உயர்ந்த சூட்டில் சுட்டுத்தான் கல்லில் ஒட்ட வைக்கிறார்கள். காரை அப்படி சுட முடியுமா? அந்தப் பெயரில் கையால் தேய்த்து போடுவது பெரும்பாலும் பாலிமர் சீலன்ட்தான்.

மாதத்துக்கு எவ்வளவு செலவு?

டப்பா விலையை பார்க்காமல், மாத செலவை கணக்கு போட வேண்டும். கடைக்கு கடை விலை மாறும் என்பதால் கீழே இருப்பது ஒரு மாதிரி கணக்குதான்.

200 கிராம் கர்னோபா டப்பா 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு 20 கிராம் என்றால் 10 தடவை வரும். தடவைக்கு 50 ரூபாய். ஒரு மாதம்தான் நிற்கும் என்பதால் மாதத்துக்கு 50 ரூபாய்.

400 மில்லி சீலன்ட் 800 ரூபாய், தடவைக்கு 40 மில்லி என்றால் இதுவும் 10 தடவை. தடவைக்கு 80 ரூபாய். 3 மாதம் நின்றால் மாதத்துக்கு 27 ரூபாய்கூட ஆகாது.

400 மில்லி ஸ்பிரே 500 ரூபாய், தடவைக்கு 40 மில்லி என்றால் 50 ரூபாய். 2 அல்லது 3 வாரத்துக்கு ஒரு தடவை அடித்தால் மாதத்துக்கு 70 முதல் 100 ரூபாய் வரை ஆகும்.

ஆக, விலை கூடின டப்பாதான் கடைசியில் சிக்கனமாக முடிகிறது.

நம்ம ஊர் எதிரிகள்

வெயில் மட்டும் எதிரி இல்லை. போர்வெல் உப்புத் தண்ணியில் கழுவி வெயிலில் காய விட்டால், தண்ணியில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து வட்ட வட்டமாக வெள்ளைக் கறையாக படிந்துவிடும். கழுவியதும் துடைத்துவிட வேண்டும். மெழுகு இருந்தால் கறை சுலபமாக வந்துவிடும்.

அடுத்தது தூசி. சேலம் மேக்னசைட் சுரங்கப் பகுதி, கல்குவாரி ரோடுகளில் ஓடும் வண்டிகளில் நறநறவென்று தூசி படிந்திருக்கும். காலையில் எழுந்ததும் காய்ந்த துணியால் அதை துடைப்பது உப்புத்தாள் போட்டு தேய்ப்பதற்கு சமம். முதலில் தண்ணி அடித்து தூசியை இறக்கிவிட்டுத்தான் துணி போட வேண்டும். பனியன் வேஸ்ட் துணி பட்டறைக்கு சரி. அதன் தையலும், நூலும் கிளியர் கோட்டில் கோடு போடும். மைக்ரோ பைபர் துணிதான் பாதுகாப்பு.

வேப்ப மரத்தடியில் நிறுத்தினால் பிசினும், பறவை எச்சமும் விழும். எச்சத்தை சுரண்டக் கூடாது. ஈரத்துணியை 5 நிமிடம் போட்டு ஊற வைத்து எடுக்க வேண்டும்.

சிலர் டீசல், மண்எண்ணெய் தொட்டு துடைக்கிறார்கள். அன்றைக்கு மின்னும். மறுநாள் தூசி அத்தனையும் அதில் ஒட்டும். இருக்கிற மெழுகையும் கரைத்துவிடும், கண்ணாடி ஓர ரப்பரும் கெட்டுப்போகும்.

லாரி உரிமையாளர்கள் கவனத்துக்கு

லாரி பாடி கட்டும் தொழிலுக்கு பெயர்போனது நாமக்கல். எப்.சி.க்கு போகும் முன்பு வண்டிக்கு பெயிண்ட் அடிப்பது வழக்கம். அப்படி பெயிண்ட் அடிக்கப்போகும் வண்டிக்கு சிலிகான் கலந்த பாலீஷ் போடாதீர்கள். சிலிகான் எச்சம் இருந்தால் புது பெயிண்ட் ஒட்டாமல் மீன் கண் மாதிரி குழி குழியாக விழும். பெயிண்டர் மீது பழி போடுவதில் பயன் இல்லை.

புதிதாக பெயிண்ட் அடித்த வண்டிக்கும் உடனே மெழுகு கூடாது. பட்டறையில் அடித்த பெயிண்டில் இருந்து கரைப்பான் ஆவியாகி வெளியேற 30 முதல் 60 நாள் ஆகும். அதுவரை பொறுக்க வேண்டும்.

பழைய வண்டியில் கிளியர் கோட் இருக்கிறதா என்று தெரியாவிட்டால், கண்ணுக்கு தெரியாத இடத்தில் வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலீஷ் தொட்டு தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டி கலர் ஒட்டினால் கிளியர் கோட் இல்லை.

எப்படி போடுவது?

சாயங்காலம் அல்லது அதிகாலையில், நிழலில், பானெட் கை வைத்தால் சுடாத நேரத்தில் போட வேண்டும். கார் ஷாம்பு போட்டு கழுவி, ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும். மெழுகை மெல்லிசாக தேய்த்தால் போதும். அப்பினால் ஆயுள் கூடாது, துடைக்கத்தான் கை வலிக்கும். 5 முதல் 10 நிமிடத்தில் வெளுத்துவரும். விரலால் இழுத்துப் பார்த்து தெளிவாக வந்தால் துடைத்துவிடலாம். கருப்பு பிளாஸ்டிக் பாகத்தில் பட்டால் வெள்ளைக் கறை நிற்கும், ஜாக்கிரதை.

நீங்களே சோதிக்கலாம்

இரண்டு வகை வாங்கி, பானெட் நடுவில் டேப் ஒட்டி பாதிக்கு ஒன்றாக போடுங்கள். வாரம் ஒரு முறை கழுவியபின் தண்ணி தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் மெழுகு இருக்கிறது. தட்டையாக படர்ந்து நின்றால் தீர்ந்துவிட்டது. எந்தப் பாதி முதலில் படர்கிறதோ அது உங்கள் வண்டிக்கு ஆகாது.

வெயிலில் நிற்கும் வாடகை காருக்கும், ஆபீஸ் காருக்கும் பாலிமர் சீலன்ட். வீட்டு ஷெட்டில் நிற்கும் கருப்பு காருக்கும், கல்யாண ஊர்வலத்துக்கு போகும் காருக்கும் கர்னோபா. நேரமே இல்லாதவர்களுக்கு சிலிக்கா ஸ்பிரே.

எதைப் போட்டாலும் விழுந்த கோடு மறையாது, செத்த கிளியர் கோட் உயிர் பெறாது. சூரியனின் புற ஊதா கதிரையும் மெழுகு பெரிதாக தடுக்காது. அதற்கு நிழலில் நிறுத்துவது ஒன்றுதான் வழி. வாட்டர் வாஷ் கடையில் பாலீஷ் என்று சொன்னால், டப்பாவை வாங்கி காம்பவுண்டா, மெழுகா என்று படித்துப் பார்த்த பிறகே வண்டியில் கை வைக்க விட வேண்டும் என்பதை வாகன ஓட்டிகள் கவனத்தில் கொள்ள வேண்டும்.