கரையாத கொழுப்பும் காணாத கொழுப்பும்: ஊரூர் ஒல்காட் குப்பத்தை முன்வைத்து ஒரு வாதம்

முன்னுரை

அடையாறு முகத்துவாரத்தின் தென்கரையில், பிரம்மஞான சபைத் தோட்டத்துக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே உள்ளது ஊரூர் ஒல்காட் குப்பம். எலியட்ஸ் கடற்கரையில் விடியலில் நடைப்பயிற்சி செய்வோரும், வலையிலிருந்து மீன் பிரித்தெடுப்போரும் ஒரே கரையில்தான் இருக்கிறார்கள். தொப்பையைக் கரைத்துத் தருவதாகச் சொல்லும் விளம்பரங்களோ முன்னவரிடம் மட்டுமே பேசுகின்றன. எதற்கும் கரையாத கொழுப்பு என்று அவை சுட்டிக்காட்டுவது பெரும்பாலும் தீங்கு குறைந்த கொழுப்பு. தீங்கு மிகுந்த உள்ளுறுப்புக் கொழுப்போ கண்ணுக்குத் தெரியாமல் வயிற்றுக்குள் இருக்கிறது. முயன்றால் முதலில் குறைவதும் அதுவே. எனவே கொழுப்புச் சிகிச்சையின் இலக்கும் அளவுகோலும் இடமும் மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. இடத்துக்கு இடம் மாறும் இயல்பு

உடற்கொழுப்பு எங்கே சேர்கிறது என்பதைப் பொறுத்தே நோய் வரும் வாய்ப்பு அமைகிறது என்பதை மார்செய் நகர மருத்துவர் ழான் வாக் 1947இலேயே எடுத்துக்காட்டினார். சேர்வது போலவே கரைவதும் இடத்துக்கு இடம் வேறுபடும். அட்ரினலின் சுரக்கும்போது கொழுப்பணுவின் பீட்டா ஏற்பிகள் கொழுப்பை வெளிவிடத் தூண்டுகின்றன. ஆல்ஃபா-2 ஏற்பிகள் அதைத் தடுக்கின்றன. பெண்களின் புட்டம், தொடைப் பகுதிகளின் தோலடிக் கொழுப்பில் தடுக்கும் ஏற்பிகளின் செல்வாக்கே அதிகம். பட்டினி கிடந்தும் அங்கே சதை குறையவில்லை என்றால், அதை மன உறுதியின் குறை என்று பழிப்பது அநியாயம்.

குறிப்பிட்ட இடத்துக்கு மட்டும் பயிற்சி தருவதும் உதவாது. டென்னிஸ் வீரர்களை ஆராய்ந்து 1971இல் வெளிவந்த ஆய்வு, ஓயாமல் மட்டை வீசிய கையிலும் மற்றக் கையிலும் தோலடிக் கொழுப்பின் தடிமன் ஏறத்தாழ ஒன்றே என்று காட்டியது. வளர்ந்தவர்களின் கொழுப்பணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ மாறுவதில்லை. ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு அழிந்து புதிதாகத் தோன்றுகிறது என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2008இல் கண்டறிந்தனர். எடை குறையும்போது அணுக்கள் சுருங்குகின்றனவே தவிர எண்ணிக்கையில் குறைவதில்லை. இழந்த எடை எளிதில் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

2. அகற்றினால் தீருமா?

அப்படியானால் அந்தக் கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிட்டால் நோய் குறையுமா? 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இதை நேரடியாகவே சோதித்தது. உடற்பருமன் கொண்ட 15 பெண்களின் வயிற்றுத் தோலடிக் கொழுப்பில் ஏறத்தாழ பத்து கிலோ லிப்போசக்‌ஷன் மூலம் அகற்றப்பட்டது. சில வாரங்கள் கழித்துப் பார்த்தபோது இன்சுலின் செயல்திறனோ ரத்த அழுத்தமோ மேம்படவில்லை. குளிரூட்டிக் கொழுப்பணுக்களை அழிக்கும் கிரையோலிப்போலிசிஸும் தோலடியோடு நின்றுவிடுகிறது. தோற்றம் குறித்த வருத்தம் உண்மையானது. அதற்காக இவற்றை நாடுவோரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இவை சர்க்கரை நோயையோ மாரடைப்பையோ தடுக்கும் சிகிச்சைகள் அல்ல என்பதைச் சொல்லாமல் விற்பது தவறு.

செமாக்ளூடைட் போன்ற ஊசி மருந்துகளின் நிலை வேறு. 2021இல் வெளியான ஆய்வில் அது 68 வாரங்களில் சராசரியாக 15 சதவீத அளவுக்கு எடையைக் குறைத்தது. மருந்தை நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. தேவையுள்ளவர்களுக்கு இது மெய்யான சிகிச்சை. ஆனால் நாள்வருமானத்தில் வாழும் மீனவக் குடும்பம் நெடுங்காலம் தாங்கக்கூடிய செலவன்று.

3. மெலிந்த உடலில் மறைந்திருப்பது

புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் 2004இல் தங்கள் உடல்களையே எடுத்துக்காட்டாக முன்வைத்தனர். இருவரின் உடல் நிறைக் குறியீடும் 22.3. யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கோ 21.2 சதவீதம். எடை இயந்திரம் இதைக் காட்டாது. ஆகவேதான் நம்மவருக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. என்ற எல்லை வகுக்கப்பட்டுள்ளது.

குப்பத்துக்கு இது நெருக்கமான செய்தி. துடுப்பும் பாயுமாகக் கட்டுமரம் சென்ற கடலில் இன்று ஃபைபர் படகுகள் எஞ்சினால் ஓடுகின்றன. இளையோர் பலர் கடலைவிட்டு நகரத்து வேலைகளுக்குப் போகிறார்கள். உழைப்பு குறைந்தும் தட்டில் பட்டை தீட்டிய அரிசியின் பங்கு குறையவில்லை. உழைக்கும் வர்க்கத்துக்குத் தொப்பை நோய் வராது என்ற பழைய நம்பிக்கைக்கு இனி ஆதாரமில்லை.

4. சென்னை தரும் சான்று

அந்த நம்பிக்கையைத் தகர்த்தது சென்னையின் ஆய்வே. டாக்டர் வி. மோகன் குழுவினர் 1990களின் பிற்பகுதியில் தி. நகர் பாரதி நகரிலும் திருமங்கலம் ஏசியாட் காலனியிலும் மக்களைப் பரிசோதித்தனர். முன்னது குறைந்த வருவாய்ப் பகுதி, பின்னது நடுத்தர வருவாய்ப் பகுதி. பத்தாண்டுகளில் நடுத்தர வருவாயினரிடம் சர்க்கரை நோய் 12.4 சதவீதத்திலிருந்து 15.4 ஆனது, குறைந்த வருவாயினரிடம் 6.5 சதவீதத்திலிருந்து 15.3 ஆகப் பாய்ந்தது. இடைப்பட்ட காலத்தில் ஏசியாட் காலனிவாசிகள் தாங்களே பணம் திரட்டிப் பூங்கா அமைத்தனர். அங்கே உடற்பயிற்சி செய்வோர் 14.2 சதவீதத்திலிருந்து 58.7 சதவீதமாயினர். எல்லாம் பூங்காவால் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நடக்க இடமும் நேரமும் கிடைத்தவர்களிடம் நோய் மெல்ல வளர்ந்தது, கிடைக்காதவர்களிடம் இரட்டிப்பானது என்பதைப் புறக்கணிக்க முடியாது.

பிறவியிலேயே மெலிந்தும் கொழுப்பு மிகுந்தும் அமைந்த உடலுக்குச் சிகிச்சையால் என்ன பயன் என்று கேட்கலாம். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையிலிருந்து 2006இல் வெளியிட்ட தடுப்பு ஆய்வு இதற்கு விடை தருகிறது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரில், உணவையும் நடையையும் சீர்செய்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையாமலே இது நிகழ்ந்தது. உடற்பயிற்சி, எடை மாறாதபோதும் உள்ளுறுப்புக் கொழுப்பைக் குறைக்கும் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எடை இறங்கவில்லை என்று மனம் சோர்ந்து முயற்சியைக் கைவிடுவோருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, சிகிச்சையின் இலக்கு உள்ளுறுப்புக் கொழுப்பாக இருக்க வேண்டும். தொடைச் சதைக்காகப் பெண்களை வதைப்பது நிற்க வேண்டும். இரண்டாவது, அளவுகோல் இஞ்ச் டேப். 30 வயது கடந்தோருக்கு ஆஷா பணியாளர்கள் நிரப்பும் படிவத்தில் இடுப்பளவுக்கு ஏற்கெனவே இடமுண்டு. ஒருமுறை எழுதி மூடிவைக்காமல், ரத்த அழுத்தத்தைப் போல அதைத் தொடர்ந்து அளந்து, உரியவரிடமே சொல்ல வேண்டும். மூன்றாவது, சிகிச்சையின் இடம் குடியிருப்பே. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுவருகிறது. மீன் விற்றுவிட்டு மதியம் வீடு திரும்பும் பெண்ணுக்கு உணவு ஆலோசனையும் அதே வழியில், அவருக்கு வசதியான வேளையில் வந்தாக வேண்டும். நடைப்பயிற்சியாளர்களுக்குச் சென்னை தந்திருக்கும் அக்கறையை அதே கரையில் வலை பிரிப்போருக்கும் தருவது சலுகையன்று; நோய்ச் சுமை அவர்கள் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கும்போது அதுவே அறிவியலுக்கு உகந்த முறை.