கொங்கு நாட்டுக் கீர்த்தனையாசிரியர் பெரியசாமித்தூரன்

தமிழிசை வரலாறு எழுதப் புகுவோர் காவிரிக் கரையினின்று தொடங்குதல் மரபு. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகிய மூவரும் வாழ்ந்த மண் அதுவாதலின் இம்மரபு பொருந்துவதே. ஆயினும், நொய்யல் பாயும் கொங்கு நாட்டிற்கு அவ்வரலாற்றில் இடமில்லையோ எனும் ஐயம் எழுகின்றது. திருப்பூர் என்றவுடன் பருத்தியும் நூலும் பின்னலாடையும் நினைவிற்கு வருமேயன்றி இசை வருவதில்லை. அத்திருப்பூரை அடுத்த அவிநாசியும் திருமுருகன்பூண்டியும் சுந்தரரின் பதிகம் பெற்ற தலங்கள் என்பதைப் பலர் மறந்தனர். நம் காலத்திற்கு அணித்தே கொங்கு நாட்டில் தோன்றிய கீர்த்தனையாசிரியர் ஒருவரையும் அவ்வாறே மறந்து வருகின்றோம். அவர் ம. ப. பெரியசாமித்தூரன்.

தூரன் 1908-இல் ஈரோட்டை அடுத்த மஞ்சக்காட்டுவலசில் உழவர் குடியிற் பிறந்தார். சென்னையிற் கல்லூரி மாணவராயிருந்த காலத்தே நாட்டுப்பற்றில் ஈடுபட்டார். 1931-இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்டபோது மனம் வெதும்பிப் பட்டத் தேர்வு எழுதாது விடுத்தார் என்பர். பின்னர்க் கோபிசெட்டிபாளையத்திலும், 1934 முதல் கோவை இராமகிருஷ்ண வித்தியாலயத்திலும் ஆசிரியராய் அமர்ந்தார்.

அவ்வித்தியாலயத்தை நிறுவியவர் 1903-இல் திருப்பூரில் தோன்றிய தி. சு. அவிநாசிலிங்கம். கல்வியமைச்சராயிருந்த காலத்து 1946-இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை அமைத்தவரும் அவரே. அக்கழகம் மேற்கொண்ட கலைக்களஞ்சியப் பணிக்கு முதன்மையாசிரியராகும் பொறுப்பு தூரனைச் சேர்ந்தது. முதல் தொகுதி 1954-இல் வெளிவந்தது. 1968-இல் பத்துத் தொகுதிகளும் நிறைவெய்தின. அவ்வாண்டே அவருக்குப் பத்மபூஷண் விருதும் கிடைத்தது. குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளும் அவர் பொறுப்பிலேயே வெளிவந்தன.

இத்துணைப் பெரும்பணிக்கிடையே அவர் இயற்றிய இசைப்பாடல்கள் ஏறத்தாழ அறுநூறு. சாவேரியில் பாடப்பெறும் 'முருகா முருகா', கீரவாணியில் 'புண்ணியம் ஒரு கோடி', சுத்தசாவேரியில் 'தாயே திரிபுரசுந்தரி', பிருந்தாவன சாரங்காவில் பழனியைப் போற்றும் 'கலியுக வரதன்' ஆகியவை இன்றும் இசையரங்குகளில் ஒலிக்கின்றன. டி. கே. பட்டம்மாள் முதலிய இசைவாணர் அவர் பாடல்களைப் பாடிப் பரப்பினர். 1972-இல் தமிழிசைச் சங்கம் அவருக்கு இசைப் பேரறிஞர் பட்டம் அளித்தது.

கீர்த்தனைக்குத் தமிழ் ஏற்றதன்று, வல்லொலி மிகுந்த மொழி அது என்று ஒரு காலத்தில் வாதிடப்பெற்றது. 1941-இல் அண்ணாமலை நகரில் கூடிய தமிழிசை மாநாடும், 1943-இல் சென்னையில் தோன்றிய தமிழிசைச் சங்கமும் அவ்வாதத்திற்கு எதிராக எழுந்தவை. மாநாடுகள் கொள்கையை நிலைநாட்டலாம். பாடல்களே அதனை மெய்ப்பிக்க வல்லன. தூரன் பாடல்களின் தொடக்கங்களை நோக்குக. முருகா, தாயே, கணநாதனே எனப் பலவும் விளியில் தொடங்குகின்றன. விளியேற்ற சொல் நெட்டுயிரில் முடிகின்றது. சேய்மையில் உள்ளாரை அழைக்கும்போது விளியின் ஒலி அளவு கடந்து நீளும் என்பது தொல்காப்பியர் விளிமரபிற் கூறும் விதி. அந்நீட்சியே பாடுவோர் இராகத்தை விரித்தற்குரிய இடமாகின்றது. தமிழின் இலக்கண இயல்பே இசைக்கு வாயில் திறத்தலை இப்பாடல்களிற் காண்கின்றோம்.

இன்னுமொன்று. கலைக்களஞ்சியம் யாவர்க்கும் விளங்கும் எளிய நடையை வேண்டுவது. 'காற்றில் வந்த கவிதை' எனும் நூலில் நாட்டுப்பாடல்களைத் தொகுத்தவரும் தூரனே. ஏர் ஓட்டுவோரும் தாலாட்டுவோரும் ஆளும் சொற்களின் இனிமையை அவர் செவி அறிந்திருந்தது. இவ்விரு பயிற்சியும் கூடியதனால், அரும்பதவுரை வேண்டாத எளிமை அவர் கீர்த்தனைகளுக்கு வாய்த்தது. கலைக்களஞ்சியப் பணி அவரது இசைப்பணியைக் குறைத்தது எனக் கருதுவார்க்கு நாம் கூறும் விடை இதுவே: ஒன்று மற்றொன்றை வளர்த்தது.

தூரன் 1987-இல் மறைந்தார். அவர் பாடலைக் கேட்டு உருகுவோருள் இயற்றியவர் பெயரை அறியாதார் பலர். அவர் தொகுத்த களஞ்சியத்தைப் புரட்டுவோருள் அவரைக் கீர்த்தனையாசிரியராக அறியாதார் பலர். இசைத்துறையார் அவரை இலக்கியத்திற்கும், இலக்கியத்துறையார் இசைக்கும் விட்டுவிட்டமையே இதற்குக் காரணம் எனலாம். தமிழ்த்துறைகள் அவர் கீர்த்தனைகளைப் பாடமாக்கிச் சொல்லையும் பண்ணையும் ஒருங்கே ஆராய்தல் வேண்டும். நொய்யலும் இறுதியிற் காவிரியோடு கலப்பதே. தமிழிசை வரலாறு எழுதுவோர் அந்நீரையும் கணக்கிற் கொள்வாராக.