மல்லாட்டைக்கு எத்தனை கிராம்?

கலசப்பாக்கம் பக்கத்தில் வேர்க்கடலைக்குப் பெயர் மல்லாட்டை. மணிலாக்கொட்டைதான் பேச்சில் தேய்ந்து இப்படி ஆனது. தென் அமெரிக்காவில் பிறந்த பயிர், பிலிப்பைன்ஸ் துறைமுகம் ஒன்றின் பெயரைச் சுமந்துகொண்டு பர்வதமலை அடிவாரம் வரை வந்திருக்கிறது. வந்ததை நம்மாட்கள் நெல்லை அளந்த அதே படியில் அளந்தார்கள்.

"ஒரு படி பருப்புக்குப் பதினஞ்சு பலம் வெல்லம்." எங்கள் வீட்டில் மல்லாட்டை உருண்டைக்குச் சொல்லப்பட்ட கணக்கு இது. இதை கிராமுக்கு மாற்ற உட்கார்ந்தேன். பலம் சுலபம். மூன்று தோலா ஒரு பலம், ஏறக்குறைய 35 கிராம். 15 பலம் என்றால் 525 கிராம். படிக்கு இணையத்தில் 1.1 கிலோ என்று கிடைத்தது. அப்படியே செய்தேன். உருண்டை பிடிக்கவே வரவில்லை, பருப்பு தனித்தனியாக உதிர்ந்தது.

தப்பு பாகில் இல்லை. 1.1 கிலோ என்பது ஒரு படி அரிசியின் எடை. படி என்பது எடையே அல்ல, கொள்ளளவு. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. இன்று பொதுவாகச் சொல்லப்படும் கணக்கில் ஆழாக்கு 168 மில்லிலிட்டர், படி 1.344 லிட்டர். உரித்த பருப்பு லிட்டருக்குச் சுமார் 610 கிராம்தான் நிற்கும். ஆக ஒரு படி பருப்பு ஏறக்குறைய 820 கிராம், ஒரு ஆழாக்கு 100 கிராம். நான் 280 கிராம் பருப்பை அதிகம் கொட்டியிருக்கிறேன்.

அந்த ஒற்றை வரியில் இரண்டு அளவு முறைகள் இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். கட்டியான வெல்லத்தைப் படியில் அளக்க முடியாது. அதனால் அது பலத்திலும் வீசையிலும் நிறுக்கப்பட்டது. குவியலாகக் கிடப்பவை படிக்கும் மரக்காலுக்கும் போயின.

அளவு யார் கையில் என்பது பழைய கேள்வி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நெல்லை 'ஆடவல்லான்' என்ற மரக்காலால் அளக்கச் சொல்கின்றன. அது ராஜகேசரி என்ற மரக்காலுக்குச் சமம் என்றும் குறிக்கின்றன. வெறுமனே மரக்கால் என்றால் எந்த மரக்கால் என்ற சண்டை வரும், அதனால்தான் பெயர். பின்னாளிலும் படி ஊருக்கு ஊர் மாறியது.

ஒரே படியிலும் தகராறு உண்டு. தலைதட்டி அளப்பதா, கோபுரமாக அளப்பதா? 12 செ.மீ. விட்டமும் 12 செ.மீ. உயரமும் உள்ள படியை எடுத்துக்கொள்வோம். மேலே குவியல் 30 பாகைச் சரிவில் நின்றால் சுமார் 130 மில்லிலிட்டர் கூடும், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. காய் ஆய்ந்ததற்குக் கூலியைக் காயாகவே வாங்கும் பெண்ணுக்கு, பத்து படியில் ஒரு படி அந்தக் கோபுரத்தில்தான் இருக்கிறது. அளப்பவர் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போயிற்று.

1956இல் எடை அளவுத் தரச் சட்டம் வந்தது. 1958 அக்டோபரிலிருந்து மெட்ரிக் எடைகள் படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தன. கோபுரச் சண்டை தராசில் இல்லை. ஆனால் தராசு நேர்மையே உருவானது என்றும் சொல்லிவிட முடியாது. படியில் அளந்தால் பொக்குக் காயும் இடத்தை அடைத்துக்கொண்டு முழுக் காயாகக் கணக்கில் ஏறும். தராசில் நிறுத்தால் காயாத காயின் ஈரம் காசாகும். முதலாவதில் காற்றுக்கு விலை, இரண்டாவதில் தண்ணீருக்கு. அதனால்தான் மல்லாட்டை வாங்க வரும் வியாபாரி இன்றும் எடையை மட்டும் நம்புவதில்லை. ஒரு கை காயை உடைத்து, பருப்பு எவ்வளவு தேறும் என்று பார்த்துவிட்டுத்தான் விலை சொல்கிறார்.

பழைய கணக்கை மாற்றும்போது எதை அளந்தார்கள், எப்படி அளந்தார்கள் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டாம் முறை 820 கிராம் பருப்பும் 525 கிராம் வெல்லமும் போட்டேன். உருண்டை நின்றது. படி தலைதட்டியதா, கோபுரமா என்று கேட்க மட்டும் இப்போது வீட்டில் யாருமில்லை.