லிங்கன் சுடப்பட்ட காட்சி: அந்தப் பழைய படத்தை எவ்வளவு நம்பலாம்?

அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன் கொலை என்றதும் ஒரு பழைய படம் பலருக்கும் ஞாபகம் வரும். நாடக அரங்கின் மாடத்தில் லிங்கன் உட்கார்ந்திருக்க, பின்னால் நிற்பவர் அவரைச் சுடுகிறார். பார்த்தால் நேரில் இருந்தவர் வரைந்த மாதிரியே இருக்கும். ஆனால் அது கேள்விப்பட்டதை வைத்து உருவாக்கிய படம்தான்.

அன்று என்ன நடந்தது?

1865 ஏப்ரல் 14 இரவு. வாஷிங்டனில் உள்ள ஃபோர்டு அரங்கில் மனைவி மேரியுடன் லிங்கன் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். கூடவே ராணுவ மேஜர் ஹென்றி ராத்போனும், அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த கிளாரா ஹாரிஸும் இருந்தனர். நடிகர் ஜான் வில்க்ஸ் பூத் சத்தமில்லாமல் நுழைந்து, பின்னந்தலையில் சுட்டார். மறுநாள் காலை 7.22 மணிக்கு லிங்கன் இறந்தார்.

போட்டோ ஏன் இல்லை?

அப்போது கேமரா இருந்தது. லிங்கனையே பலமுறை படம் எடுத்திருக்கிறார்கள். ஆனால் இரவில், அரங்குக்குள், கண நேரத்தில் நடப்பதை அந்தக் கேமராவால் பிடிக்க முடியாது. எடுத்திருந்தாலும், போட்டோவை அப்படியே பத்திரிகையில் அச்சிடும் வசதி அன்று கிடையாது.

அதனால் ஓவியர் வரைந்த காட்சியை மரக்கட்டையில் செதுக்கி, மேடாக நிற்கும் கோடுகளில் மை தடவி அச்சிட்டார்கள். பெரிய படம் என்றால் பல கட்டைகளை இணைப்பார்கள். வேலை சீக்கிரம் முடிய, ஆளுக்கொரு துண்டாகச் செதுக்குவதும் உண்டு.

'ஹார்ப்பர்ஸ் வீக்லி' இதழ் ஏப்ரல் 29-லேயே இப்படி ஒரு மரச்செதுக்குப் படத்தை வெளியிட்டது. அதே ஆண்டு நியூயார்க்கின் 'கரியர் அண்ட் ஐவ்ஸ்' நிறுவனம் கல்லச்சில் ஒரு படம் போட்டது. அதுதான் பின்னாளில் மிகவும் பிரபலமானது.

படத்தில் என்ன தப்பு?

கல்லச்சுப் படத்தில், பூத் சுடும்போதே ராத்போன் அவரைப் பார்த்துவிட்டு எழுகிறார். ஆனால் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும், வெடிச்சத்தம் கேட்ட பிறகே திரும்பியதாகவும் ராத்போன் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு பூத்தைப் பிடிக்கப் போனவருக்குக் கையில் கத்திக்குத்து விழுந்தது.

சின்ன வித்தியாசம் மாதிரி தெரியலாம். ஆனால் தடுக்க வாய்ப்பே கிடைக்காத ஒருவரை, பார்த்தும் தடுக்க முடியாமல் போனவராகப் படம் காட்டிவிடுகிறது.

ஸ்ரீபெரும்புதூர் படங்கள்

1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது நிலைமையே வேறு. புகைப்படக்காரர் ஹரிபாபுவும் குண்டுவெடிப்பில் இறந்தார். ஆனால் அவருடைய கேமரா தப்பியது. கையில் மாலையுடன் தனு, குர்தா அணிந்த சிவராசன் என அதிலிருந்த படங்கள் புலனாய்வுக்குப் பெரிய துப்பாக அமைந்தன. பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில் நடந்த வழக்கிலும் அவை முக்கியச் சான்றுகள்.

எதைப் பார்க்க வேண்டும்?

லிங்கன் படம் பொய் சொல்லக் கிளம்பியதில்லை. துக்கத்தில் இருந்த மக்களுக்குச் செய்தியைக் காட்சியாகக் கொடுத்தது. அந்தக் காலம் எப்படி அழுதது என்பதற்கு அது சான்று. சுடப்பட்ட நொடிக்குச் சான்று இல்லை.

இன்று ஏஐ சில விநாடிகளில் இதுபோன்ற காட்சிகளை உருவாக்கிவிடுகிறது. மொபைலில் ஒரு 'வரலாற்றுப் படம்' வந்தால், ஃபார்வர்டு செய்யும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: உருவாக்கியது யார்? எப்போது? அவர் அங்கே இருந்தாரா?