வழங்கி நிரல்களில் எழுத்துச் சிதைவு: ஒரு வரலாற்று நோக்கு

ஏடெழுதுவோரால் நேர்ந்த பிழைகளை ஆராய்ந்து மூலபாடத்தை மீட்டல் தமிழாராய்ச்சியின் முதற்பணிகளுள் ஒன்று. சுவடிகளினின்று அச்சுக்கு வந்த நூல்கள் இன்று கணிப்பொறிக்கும் சென்றுவிட்டன. ஆங்கும் ஏடெழுதுவோர் உளர். அவர் மனிதர் அல்லர். இணையத்தளத்தின் வழங்கிப் பொறியிலிருந்து, நாம் ஒரு பக்கத்தைக் கேட்குந்தோறும் அதனை அமைத்து அனுப்பும் நிரல்களே அவர். அவை படியெடுக்கும்போது தமிழெழுத்துகள் சிலபோது பொருளற்ற குறிகளாகவும், சிலபோது வினாக்குறிகளாகவும் மாறிவிடுகின்றன. சிலபோது பத்தி முழுதும் மறைந்தொழிகின்றது. இச்சிதைவுகள் எக்காரணத்தால் தோன்றின, அவற்றுள் மீட்கக்கூடியன எவை, மீட்கலாகாதன எவை என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது, இத்துறையில் மிகப் பரவலாக வழங்கும் பி.எச்.பி. என்னும் நிரல்மொழியாகும்.

வழங்கி நிரல்களின் தோற்றம்

தொடக்ககால இணையப் பக்கங்கள் முன்னரே எழுதிவைக்கப்பட்ட கோப்புகளாகவே இருந்தன. கேட்போர்க்கு ஏற்பப் பக்கத்தை அவ்வப்போது அமைக்கும் முறை 1993ஆம் ஆண்டில், இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மீக்கணிப்பொறி நடுவத்தில் உருவாயிற்று. ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பார் தம் சொந்தப் பக்கத்திற்கென 1994இல் எழுதத் தொடங்கிய சிறு கருவிகளை 1995ஆம் ஆண்டு ஜூன் திங்களில் யாவர்க்கும் வழங்கினார். அவையே பி.எச்.பி.யின் தோற்றுவாய். பின்னர் ஆன்டி குட்மன்ஸ், சேவ் சுராஸ்கி என்னும் இருவர் அதனைப் புதுக்கி அமைக்க, 1998இல் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. ஒருவர் தம் சிறு தேவைக்கெனச் செய்தது உலகோர் கைக்கருவி ஆயிற்று. அதன் நிறைகளும் குறைகளும் இவ்வரலாற்றினின்றே பிறந்தன எனலாம்.

அம்மொழியில் ‘சரம்’ எனப்படுவது எழுத்துகளின் தொடர் அன்று, பைட்டுகளின் தொடர். ஒரு பைட்டு 256 மதிப்புகளுள் ஒன்றைக் கொள்ளும். மேலை ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகள் அனைத்தும் 256 என்னும் எல்லைக்குள் அடங்குவன. ஆதலின், ஒரு பைட்டு ஓர் எழுத்து என்று கொள்வதால் அவர்கட்கு இடர் எதுவும் நேரவில்லை.  அக்கோட்பாட்டை ஐயுறுவார் அரியராயினர்.

தமிழ் எழுத்தின் குறியாக்கம்

1991ஆம் ஆண்டு வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் அளிக்கப்பட்டது. எனினும் அக்காலத்துக் கணிப்பொறிகள் அதனைக் கையாளும் ஆற்றல் பெறாமையால், எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கமாகப் பல முறைகள் தமிழில் வழங்கின. அவற்றை ஒருமைப்படுத்தும் முயற்சியின் பயனாகத் திஸ்கி என்னும் குறியாக்கமும், 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தாப், தாம் என்னும் குறியாக்கங்களும் எழுந்தன. ஒருங்குறியைத் தமிழ்நாட்டரசு 2010இல் ஏற்றது.

ஒருங்குறியின் எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறைகளுள் இணையத்தில் நிலைபெற்றது யூ.டி.எஃப்-8. கென் தாம்சன், ராப் பைக் ஆகிய இருவர் 1992இல் வகுத்தது அது. அம்முறைப்படி ரோமன் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட்டு; தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. அம்மூன்றனுள் முதலாவது எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதே குறிக்குக் குறி வேறுபடுவது. தகரம் 224, 174, 164 என அமையும். இவ்வமைப்பை நினைவிற் கொள்வோர்க்குப் பின்வரும் சிதைவுகள் எளிதில் விளங்கும்.

அளவும் வெட்டும்

‘தமிழ்’ என்னும் சொல்லின் எழுத்துகள் எத்தனை? மூன்று என்பது இலக்கணம். பி.எச்.பி.யின் பழைய செயற்கூறாகிய ஸ்ட்ர்லென் 15 என்று விடை தரும். அது பைட்டுகளின் தொகை. எம்.பி. ஸ்ட்ர்லென் என்பது 5 என்று கூறும்; தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி எனத் தனித்தனியே எண்ணியது அது. கிராஃபீம் ஸ்ட்ர்லென் என்பதே 3 என்று கூறும். மூன்று விடைகளும் தத்தம் நிலையில் உண்மையே. எதனை எண்ணுகிறோம் என்று அறியாது எண்ணுவதே பிழை.

எண்ணிக்கை பிழைத்தலோடு ஒழிந்தால் இழுக்குப் பெரிதன்று. கட்டுரையொன்றன் முதல் 200 பைட்டுகளை வெட்டி முன்னோட்டமாகக் காட்டும் நிரலைக் கருதுக. 200ஐ மூன்றால் வகுத்தால் இரண்டு எஞ்சும். முழுதும் தமிழ்க் குறிகளாயின் இறுதிக்குறி தன் மூன்றாம் பைட்டை இழந்து நிற்கும். இடைவெளிகளும் நிறுத்தக்குறிகளும் ஒவ்வொரு பைட்டே ஆதலின், வெட்டு எங்கு விழும் என்பது தொடர்க்குத் தொடர் மாறும். சில பக்கங்கள் நன்றாகவும் சில சிதைந்தும் தோன்றுவது இதனாலேயே. சிதைந்த அச்சரத்தை, பக்கத்திற்குத் தீங்கு நேராவண்ணம் சிறப்புக்குறிகளை மாற்றித் தரும் செயற்கூற்றிடம் கொடுத்தால், 2012இல் வந்த 5.4 முதல் 8.0 வரையிலான பதிப்புகளில் அது வெற்றுச்சரத்தையே திருப்பித் தரும். பத்தி முழுதும் மறையும். பிழைச்செய்தி ஒன்றும் தோன்றாது. காண்போர் தரவு அழிந்ததெனக் கலங்குவர். உண்மையில் தரவுத்தளத்தில் அது பழுதின்றி இருக்கும். 2021இல் வந்த 8.1ஆம் பதிப்பு முதலாகச் சிதைந்த இடத்தில் மட்டும் மாற்றுக்குறி இட்டு எஞ்சியதைக் காக்கும் முறை இயல்பாக்கப்பட்டது.

இக்குறையைக் களைய மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் பல. ஜப்பானிய மொழியின் தேவையை ஒட்டி எழுந்த பல்பைட்டுச் சரக் கருவித்தொகுதி முதலாவது. எழுத்துச் சிதைவுக்கு ‘மொஜிபாகே’ எனப் பெயரிட்டு உலகிற்குத் தந்தவரும் ஜப்பானியரே. பழைய செயற்கூறுகளின் பெயரிலேயே புதியவற்றை இயக்கும் ஓர் ஏற்பாடும் அத்தொகுதியில் இருந்தது. ஒரே பெயர் ஓரிடத்தில் பைட்டையும் பிறிதோரிடத்தில் எழுத்தையும் எண்ணியமையால் குழப்பம் மிகுந்தது. 2020இல் வந்த எட்டாம் பதிப்பில் அவ்வேற்பாடு நீக்கப்பட்டது.

மிகப் பெரிய முயற்சி ஆறாம் பதிப்பு. சரங்கள் அனைத்தையும் உள்ளே ஒருங்குறியாகவே வைத்துக்கொள்ளும் நோக்குடன் 2005ஆம் ஆண்டளவில் அது தொடங்கிற்று. ஆயின் உள்வரும்போதும் வெளிச்செல்லும்போதும் குறியாக்கத்தை மாற்ற வேண்டியிருந்தமையால் காலமும் நினைவகமும் பெரிதும் செலவாயின. 2010இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. ஐந்திற்குப் பின் ஏழாம் பதிப்பே 2015இல் வெளிவந்தது. ஆறு என்னும் எண் வெற்றிடமாயிற்று. எனவே, இன்றும் அம்மொழியில் சரம் என்பது பைட்டுத் தொடரே. எழுத்தறிவு உள்ள செயற்கூறுகளைத் தேர்ந்து எழுதும் பொறுப்பு நிரலாசிரியருடையது.

சேமிப்பில் நேரும் சிதைவு

இனி, நிரலுக்கும் தரவுத்தளத்திற்கும் இடையே நேர்வதை நோக்குவோம். பி.எச்.பி.யோடு மிகுதியும் இணைந்து வழங்கும் தரவுத்தளம் மைஎஸ்க்யூஎல். சுவீடனில் தோன்றிய அதன் இயல்பான குறியாக்கம், 2018இல் எட்டாம் பதிப்பு வரும்வரை, மேலை ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய லத்தீன்-1 ஆகவே இருந்தது. அட்டவணைக்கு ஒரு குறியாக்கமும், நிரலுக்கும் தரவுத்தளத்திற்கும் இடையிலான இணைப்புக்கு ஒரு குறியாக்கமும் தனித்தனியே குறிக்கப்பெறும். இவ்விரண்டும் பொருந்தாவிடத்துத் தோன்றும் சிதைவு இருவகைப்படும்.

முதல்வகை: இணைப்பும் அட்டவணையும் லத்தீன்-1 என்று இருக்க, நிரல் யூ.டி.எஃப்-8 பைட்டுகளை அனுப்புதல். பைட்டுகள் மாறாது உட்சென்று மாறாது வெளிவரும். பக்கம் செம்மையாகவே தோன்றும். பல ஆண்டுகளுக்குப்பின் எவரேனும் இணைப்பை முறைப்படி யூ.டி.எஃப்-8 எனத் திருத்துவர். உடனே தமிழ் முழுதும் சாய்கோடேந்திய ரோமன் எழுத்துகளாகத் தோன்றும். திருத்தியவர்மேல் பழி விழும்; பிழையோ பல ஆண்டுகட்கு முன் பிறந்தது.

இரண்டாம்வகை: இணைப்பு யூ.டி.எஃப்-8, அட்டவணை லத்தீன்-1. வருவது தமிழென்று தரவுத்தளம் அறியும். தன்னிடம் அவ்வெழுத்துக்கு இடமின்மையின், ஒவ்வொரு குறிக்கும் ஒரு வினாக்குறியை வைத்துக்கொள்ளும். கண்டிப்பான சரிபார்ப்பு 2015இல் 5.7ஆம் பதிப்பில் இயல்பாக்கப்படும் வரை, இம்மாற்றம் ஓர் எச்சரிக்கையோடு நடந்து முடிந்தது. அவ்வெச்சரிக்கையை நிரல் கேட்டாலன்றி எவரும் அறியார்.

இவ்விரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. ‘தமிழ்’ என்னும் சொல் ஐந்து வினாக்குறிகளாக நின்றால், அச்சேமிப்பினின்று அதனை மீட்டல் இயலாது. பழைய படி இருந்தாலன்றி அது போயிற்று. பதினைந்து அன்னியக் குறிகளாக நின்றால் அது மீளும்.

ஆயினும் மீட்பதில் ஓர் இடர் உண்டு. லத்தீன்-1 என்னும் பெயரால் பெரிதும் வழங்குவது விண்டோஸ்-1252 என்னும் குறியாக்கமே. அதன் 256 இடங்களுள் ஐந்து நிரப்பப்படாதவை. அவற்றுள் 129, 141 என்பன இரண்டு. தமிழ்ப் புள்ளியின் மூன்றாம் பைட்டு 141. உகரக்குறியின் மூன்றாம் பைட்டு 129. ஆகவே, திரையில் தோன்றும் குறிகளைப் படியெடுத்தோ, நிரப்பப்படாத இடங்களைத் தள்ளிவிடும் கருவியைக் கொண்டோ மீட்க முயல்வோர்க்குப் பிற எழுத்துகள் பெரும்பாலும் பிழைத்து வர, புள்ளியும் உகரக்குறியும் சிதையும். பனையோலையிற் புள்ளியிடாது எழுதிய வழக்கால் பதிப்பாசிரியர் உற்ற இடர்ப்பாட்டை இது நினைவூட்டுகின்றது. மீட்பு என்பது கண்ணுக்குத் தெரிவதைக்கொண்டு அன்று, சேமித்த பைட்டுகளைக்கொண்டே செய்யத்தக்கது.

மைஎஸ்க்யூஎல் 4.1ஆம் பதிப்பில் ‘யூ.டி.எஃப்-8’ எனப் பெயரிட்டு அளித்ததும் முழுமையானதன்று. மூன்று பைட்டு வரையிலான குறிகளையே அது ஏற்றது. நான்கு பைட்டையும் ஏற்கும் வடிவம் 2010இல் வேறு பெயரால் வந்தது. தமிழுக்கு மூன்று பைட்டே போதும் என்று கருதியிருந்தோர் உண்டு. ஆனால் 2019இல் ஒருங்குறியின் பன்னிரண்டாம் பதிப்பில் தமிழ்ப் பின்னக் குறிகளும் பழங்கணக்குக் குறிகளுமாக 51 குறிகள் சேர்க்கப்பட்டன. அவை ஒவ்வொன்றும் நான்கு பைட்டு. முந்திரிக் கணக்கையும் நிலவரிக் கணக்கையும் பதிப்பிப்போர் பழைய வடிவில் அவற்றைச் சேமிப்பாராயின், கண்டிப்பில்லாத அமைப்பில் அக்குறி தொடங்கும் இடத்திலேயே தொடர் அறுந்துபோகும்.

கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றும் இரண்டு

ஒகரக்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். எகரக்குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு இல்லை, பைட்டுகளோ வேறு. ‘கொடி’ என்று ஒருவர் தேட, தரவில் மற்றொரு வகையாக அது எழுதப்பட்டிருந்தால், பைட்டுகளை ஒப்பிடும் நிரல் அச்சொல் இல்லை என்றே கூறும். சொல்லடைவு தொகுப்போர்க்கு இது பெருங்கேடு. இல்லை என்னும் விடை ஆராய்ச்சி முடிபாகிவிடக்கூடும். 2009இல் 5.3ஆம் பதிப்போடு இணைந்த பன்னாட்டுக் கருவித்தொகுதியிலுள்ள ‘நார்மலைசர்’ இரண்டையும் ஒரு வடிவாக்கும். உள்வரும் எழுத்தையும் தேடும் சொல்லையும் அதன் வழியே செலுத்துதல் வேண்டும்.

பக்கத்தின் முன்னே நிற்கும் மூன்று பைட்டுகள்

எழுத்தோடு தொடர்பற்றதாகத் தோன்றும் பிழையும் ஒன்று உண்டு. வழங்கி அனுப்பும் விடையில் தலைப்பகுதி முதலிலும் பக்கத்தின் உடற்பகுதி அதன்பின்னும் செல்லுதல் முறை. உடலில் ஒரு பைட்டு சென்றுவிட்டாலும் தலைப்பகுதியை மாற்றல் இயலாது. ‘தலைப்பு முன்னரே அனுப்பப்பட்டது’ என்னும் எச்சரிக்கை எழும். பயனர் நுழைவு தடைப்படும். நிரலாசிரியர் வரிவரியாகத் தேடியும் முதல்வரியின் முன் ஒன்றும் இராது. ஆனால் விண்டோஸ் நோட்பேடு, யூ.டி.எஃப்-8 எனத் தேர்ந்து சேமித்த கோப்பின் தலையில் 239, 187, 191 என்னும் மூன்று பைட்டுகளைத் தானே இட்டுவந்தது. 2019இல்தான் அவை இடப்படாத வடிவம் அதன் இயல்பாயிற்று. நிரலுக்குள் தமிழ் எழுத விரும்பியவரே அவ்வாறு சேமித்தனர். ஆதலின் இப்பிழைக்கு மிகுதியும் ஆளானவரும் அவரே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன: இச்சிதைவுகளுள் பெரும்பாலானவை, எழுத்தும் பைட்டும் ஒன்றே எனக் கொண்ட பழைய கோட்பாட்டின் கிளைகள். பிழை தோன்றும் இடம் வேறு; பிறக்கும் இடம் வேறு. ஆதலின், உலாவியில் தொடங்கி, நிரல், இணைப்பு, அட்டவணை என மூலத்தை நோக்கிச் சென்று, ஒவ்வொரு நிலையிலும் எழுத்தின் தோற்றத்தை நம்பாது பைட்டுகளை எண்ணிப் பார்த்தலே முறை. 224, 174 என்னும் வரிசை எந்நிலையில் குலைந்ததோ அந்நிலையிலேதான் பிழை பிறந்தது. எதனையும் திருத்துமுன் சேமிப்பின் படியொன்றை மாற்றாது வைத்துக்கொள்ளுதல் தலையாயது. இருமுறை திருத்தப்பட்ட சிதைவு மீள்வது அரிது.

சுவடிப் பதிப்பாசிரியர் பாடந்தோறும் செய்த பணியே இது. படியெடுப்போன் பிழைக்கும் வழக்கை அறிந்தாலன்றி அவன் பிழையைத் திருத்தலாகாது என்பதை அவர் அறிந்திருந்தனர். இன்றைய படியெடுப்போனாகிய நிரல் பிழைக்கும் வழக்கையும் தமிழாராய்ச்சி மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவு கணிப்பொறித் துறையார்க்கே உரியது எனத் தமிழ் கற்போர் ஒதுங்குவராயின், வினாக்குறிகளாக எஞ்சும் பக்கங்கட்கு விடை கூறுவார் எவரும் இலராவர்.